தழும்பு ஆறினதும் தெரபிஸ்ட் ஆகணும்னு தோணுதா? ராஜினாமாவுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

உங்க ஆபரேஷன் காயத்துல சுத்தின பேண்டேஜ் துணி, ராஜபாளையம் பக்கத்துல இருக்கிற சத்திரப்பட்டி தறியில நெய்ததா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. அந்த ஊர் பிழைக்கிறதே அதுலதான். துணியை அவிழ்த்து, தையலும் பிரிச்ச பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்குது. தழும்பு இறுகும், பக்கத்துல இருக்கிற மூட்டு மடங்காது. பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் தினமும் கையால அழுத்தி, நீவி, மடக்கி, அந்த இடத்தை உங்களுக்குத் திருப்பிக் கொடுப்பார். தழும்பு முழுசா முதிர்றதுக்கு ஒரு வருஷம், சிலருக்கு ரெண்டு வருஷம்கூட ஆகும். அந்த மாசங்கள்லதான் பலருக்கு ஒரு ஆசை வருது: "இந்த எக்செல் ஷீட்டை விட்டுட்டு நானும் இதையே பண்ணினா என்ன?"

இது தப்பான ஆசை இல்லை. தமிழ்நாட்டிலேயே இதுக்குப் பெரிய முன்மாதிரி உண்டு. வேலூர் சிஎம்சி-யில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த வாகன விபத்தில் முகத்தில் காயமாகி, முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். பல ஆபரேஷன்களுக்குப் பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ.

சி.ஏ. கண்ணால பார்த்தா இந்தக் கதையில மூணு விஷயம் தெரியுது. அவர் ஏற்கெனவே டாக்டர். பின்னாடி ஒரு பெரிய நிறுவனம் நின்னுச்சு. விபத்துல இருந்து அந்த மையம் வரைக்கும் 12 வருஷம் ஆச்சு. நம்மகிட்ட இதுல எது இருக்குன்னு பார்க்கணும்.

முதல் கேள்வியே பலருக்குக் கதவைச் சாத்திடும். பிளஸ் டூ-வில் என்ன குரூப்? பி.பி.டி. சேர இயற்பியல், வேதியியலோட உயிரியல் படிச்சிருக்கணும். என்னை மாதிரி காமர்ஸ் குரூப்னா, பி.காம்-ல எவ்வளவு மார்க் வாங்கியிருந்தாலும் பிரயோஜனம் இல்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தொக்கணம் கத்துக்கலாமேன்னு சிலர் கேட்பாங்க. அதுவும் அஞ்சரை வருஷப் படிப்பு, அங்கேயும் உயிரியல் வேணும்.

சயின்ஸ் குரூப்னே வச்சுக்குவோம். வீடு ஸ்ரீவில்லிபுத்தூர், வேலை ராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீஸ், கைக்கு வர்றது மாசம் 30,000. பயிற்சிக்காலம் சேர்த்து படிப்பு சுமார் 5 வருஷம். விட்ட சம்பளம் மட்டும் 18 லட்சம். இடையில கிடைச்சிருக்க வேண்டிய இன்கிரிமென்ட்டை நான் சேர்க்கவே இல்லை. ஃபீஸ், புத்தகம், பஸ் எல்லாம் 5 லட்சம்னு வைங்க (காலேஜைப் பொறுத்து மாறும்). ஆக 23 லட்சம்.

படிச்சு முடிச்சு, ஸ்ரீவில்லிபுத்தூர்லயே சின்ன கிளினிக் போடறீங்க. வாடகை, உதவியாளர் சம்பளம், மெஷின் இஎம்ஐ, கரன்ட் எல்லாம் மாசம் 32,000. ஒரு ஆளுக்கு 300 ரூபாய். ஒரு நாளைக்கு 4 பேர் வந்தா, 25 நாளுக்கு 30,000. அதாவது கைக்காசு 2,000 போகும். முதல் வருஷம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 10 பேர் வர ஆரம்பிச்சா 75,000. செலவு போக 43,000. பழைய சம்பளத்தைவிட 13,000 கூட. அந்தக் கூடுதலை வச்சு 23 லட்சத்தை மீட்க ஏறக்குறைய 15 வருஷம். இதெல்லாம் நான் போட்ட உதாரண எண்கள்தான். உங்க ஊர் ரேட்டைப் போட்டு மறுபடி கணக்குப் பாருங்க. பார்த்த பிறகும் "பரவாயில்லை, எனக்கு இந்த வேலைதான் வேணும்"னு தோணினா தாராளமா போங்க. விலை தெரிஞ்சு வாங்கறதுல நஷ்டம் கிடையாது.

கிளினிக் போடாம சம்பளத்துக்குப் போற வழியும் இருக்கு. தனியார் ஆஸ்பத்திரிகள் ஒரு பக்கம். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிற பணி இருக்கு.

நான் இதைவிடப் பயப்படற விஷயம் இன்சூரன்ஸ். ஆபரேஷன் நடந்தப்போ கம்பெனி குரூப் பாலிசி பணம் கட்டியிருக்கும். வேலையை விட்டா அந்தக் கவர் போயிடும். வெளியே புது பாலிசி கேட்டா, கடைசி 36 மாசத்துக்குள்ள சிகிச்சை எடுத்த பிரச்சனையை முன்பே இருந்த நோயா எடுத்துப்பாங்க. அதுக்கு அதிகபட்சம் 3 வருஷம்வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம். படிக்கிற காலத்துல, சம்பளம் இல்லாதப்போ, அதே இடத்துல மறுபடி கத்தி வைக்க வேண்டி வந்தா? 23 லட்சக் கணக்கே தலைகீழாயிடும். அதனால வேலையில இருக்கும்போதே சொந்தமா ஒரு பாலிசி எடுங்க. காத்திருப்புக் காலம் இன்னைக்கே ஓட ஆரம்பிக்கட்டும். அது முடியாதுன்னா, குரூப் பாலிசியில் இருந்து அதே இன்சூரன்ஸ் கம்பெனியோட தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமான்னு, ராஜினாமா லெட்டர் கொடுக்கறதுக்கு முன்னாடியே எச்.ஆர். கிட்ட கேளுங்க. ரெண்டுலயும் ஆபரேஷனை மறைக்காதீங்க. தழும்பு உடம்பிலேயே இருக்கு. க்ளெய்ம் அன்னைக்கு அது பேசும்.

இப்போ தெரபி எடுத்துட்டு இருக்கிறவங்களுக்கு ஒரு இடைச்செருகல். டிஸ்சார்ஜுக்கு அப்புறம் 60 நாள், 90 நாள்னு பாலிசியில் ஒரு காலம் கொடுத்திருப்பாங்க. டாக்டர் எழுதிக் கொடுத்த பிசியோதெரபி செலவை அதுக்குள்ள க்ளெய்ம் பண்ண முடியுமான்னு பாருங்க. பலர் அந்தச் சீட்டையும் பில்லையும் தூக்கிப் போட்டுடறாங்க.

ராஜினாமா தேதியையும் யோசிச்சுப் போடுங்க. நாலரை வருஷத்துல இருந்தா இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. 5 வருஷம் முடியாம பி.எஃப். பணத்தை எடுத்தா வரி வரும். கிராஜுவிட்டிக்கும் நிரந்தர ஊழியருக்கு அந்த 5 வருஷம்தான் கணக்கு. கல்விக்கடன் வாங்கினா வட்டிக்கு வரி விலக்கு இருக்கு. ஆனா அது பழைய வரி முறையில மட்டும்தான். படிக்கிறப்போ வருமானமே இல்லைன்னா அதுல சேமிக்க ஒண்ணும் இருக்காது.

"அஞ்சு வருஷமெல்லாம் முடியாது, மூணு மாச மசாஜ் கோர்ஸ் போதும்"னு நினைக்கிறவங்களுக்கு: செய்யலாம். ஆனா போர்டுல பிசியோதெரபிஸ்ட்னு போடாதீங்க. தழும்பு, முறிவு, ஆபரேஷன் கேஸ்ல கை வைக்காதீங்க. வரியிலும் ரெண்டும் வேற வேற. தகுதியுள்ள பிசியோதெரபிஸ்ட் கொடுக்கிற சிகிச்சை மருத்துவ சேவை, ஜிஎஸ்டி கிடையாது. மசாஜ் சென்டர், ஸ்பா எல்லாம் உடல்நலச் சேவைன்னு வரி போடற வகையில வரும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினா பதிவு செஞ்சே ஆகணும்.