ஒரு தடவை பணம், ஆயுள் முழுவதும் இடம்! யாருடைய ஆயுள்?

அமெரிக்காவில் ஒகாயோ என்று ஒரு மாநிலம். அங்கே ஒருவர் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளைப் படம் பிடித்து வந்தார். அதுதான் அவர் தொழில்.

மகன் பந்து விளையாடுகிறான். அதைப் படமாகப் பார்க்கப் பெற்றோருக்கு ஆசை இருக்காதா? அவர்களுக்காகப் பிடித்த படங்கள் அவை.

படங்களை அவர் இரண்டு இடங்களில் வைத்திருந்தார். ஒன்று, தன்னுடைய கம்ப்யூட்டர் டிஸ்க். மற்றொன்று, "மெகாஅப்லோடு" என்ற இணையக் கிடங்கு.

2012 ஜனவரி மாதம் அவருடைய டிஸ்க் கெட்டுப் போயிற்று. போனால் போகட்டும், இன்னொரு பிரதிதான் கிடங்கில் இருக்கிறதே!

ஆனால் சில நாட்களில், 19-1-2012 அன்று, அந்தக் கிடங்குக்கு அமெரிக்க அரசாங்கம் பூட்டுப் போட்டு விட்டது. திருட்டுத்தனமாகச் சினிமாப் படங்களையும் பாட்டுக்களையும் பரப்பியதாக அதன் முதலாளிகள் மீது வழக்கு. மறு நாள் நியூசிலாந்தில் கைது.

அந்தக் கிடங்கில் 15 கோடிப் பேர் பதிவு செய்து இருப்பதாக அது சொல்லி வந்தது. திருட்டுச் சினிமா வைத்திருந்தவர்களும் அதில் உண்டு. சொந்தப் படம் வைத்திருந்தவர்களும் உண்டு. பூட்டு எல்லோருக்கும் ஒரே பூட்டுத்தான்.

ஒகாயோக்காரர் கோர்ட்டுக்குப் போனார். "என் படங்களைத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2018-லும் அவர் சார்பில் மனுப் போட்டுக் கொண்டுதான் இருந்தார்கள். இதற்கிடையே, ஹாலந்து நாட்டில் வாடகைக்கு எடுத்து இருந்த 630 சர்வர்களை, அவற்றின் சொந்தக்காரர்கள் 2013-ல் அழித்து விட்டார்கள்.

அந்தக் கிடங்கு "ஆயுள் சந்தா" விற்று வந்தது. விலை ஏறக்குறைய 260 டாலர்!

போனில் வரும் விளம்பரம்

இன்று நம் வீடுகளிலும் இந்தப் பேச்சு நடக்கிறது.

போனில் படம் எடுக்கப் போனால் "இடம் நிறைந்து விட்டது" என்று வருகிறது. குழந்தை தவழ்ந்த படம், தங்கை கல்யாண வீடியோ, ஊர்த் திருவிழா, எல்லாம் அதற்குள்தான். எதை அழிப்பது? எதை வைப்பது?

அந்த நேரம் பார்த்து விளம்பரம் வருகிறது. "ஒரே தடவை பணம் கட்டுங்கள். ஆயுள் முழுவதும் இடம்!"

"என்னங்க, மாதா மாதம் கட்டி அழுவதை விட இது லாபம் அல்லவா?" என்று மனைவி கேட்கிறாள்.

கேள்வி நியாயமானது. பதில் அவ்வளவு எளிதல்ல.

மேகம் அல்ல, கட்டிடம்

இந்த வியாபாரத்துக்குக் "கிளவுட்" என்று பெயர். கிளவுட் என்றால் மேகம். ஆனால் படம் எதுவும் மேகத்துக்குப் போவதில்லை. ஏதோ ஓர் ஊரில், ஒரு பெரிய கட்டிடத்தில், அடுக்கடுக்காக டிஸ்க்குகள் சுழன்று கொண்டிருக்கின்றன. நம் படம் அதில்தான் போய் உட்காருகிறது.

கட்டிடம் என்றால் தீப்பிடிக்கும். 10-3-2021 நள்ளிரவுக்குப் பிறகு பிரான்சு நாட்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அப்படித்தான் நடந்தது. "ஓவிஎச்" என்ற பெரிய நிறுவனத்தின் 5 மாடிக் கட்டிடம் எரிந்து போயிற்று. "காப்புப் பிரதிக்கும் சேர்த்துத்தானே பணம் கட்டினோம்?" என்று ஒரு வாடிக்கையாளர் வழக்குப் போட்டார். அந்தப் பிரதியையும் அதே இடத்தில்தான் வைத்திருந்தார்கள்! நஷ்ட ஈடு கொடுக்கும்படி 2023-ல் கோர்ட்டு சொல்லிற்று. பணம் வரலாம். எரிந்து போனது வருமா?

கணக்குப் போடுங்கள்

ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,000 ரூபாய் வாங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். "ஆயுள்" திட்டத்துக்கு 8,000 ரூபாய். அதாவது 4 ஆண்டுப் பணம்.

நான்கு ஆண்டு முடிந்தது. ஐந்தாம் ஆண்டு அந்த வாடிக்கையாளரிடம் இருந்து ஒரு காசு கூட வராது. ஆறாம் ஆண்டும் வராது. இருபதாம் ஆண்டும் வராது.

செலவு நிற்குமா? நிற்காது. டிஸ்க்குகள் இரவு பகல் ஓட வேண்டும். கரண்டு வேண்டும். சூடு ஏறாமல் குளிர வைக்க வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். டிஸ்க்குகளும் சாகின்றன. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டும் "பேக்பிளேஸ்" என்ற அமெரிக்க நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு டிஸ்க் ஒவ்வோர் ஆண்டும் கெட்டுப் போகிறது என்கிறது அது.

பழைய வாடிக்கையாளருக்கு ஆகும் செலவு எங்கிருந்து வரும்? புதிய வாடிக்கையாளர் கட்டும் பணத்தில் இருந்து வர வேண்டும். புதியவர்கள் வருகிற வரையில் வண்டி ஓடும். வருவது குறைந்தால்?

சீட்டுக் கட்டிப் பணம் பறிகொடுத்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவை இல்லை.

அதற்காக, ஆயுள் திட்டம் எல்லாமே மோசடி என்று சொல்லி விட முடியாது. நிறுவனத்தின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. டிஸ்க் விலை நெடுங்காலமாகக் குறைந்து வந்தது. ஒரு ஜிபி இடத்துக்கு 2009-ல் 11 சென்ட் கொடுத்ததாகவும், 2022-ல் ஒன்றரை சென்ட் கூட ஆகவில்லை என்றும் பேக்பிளேஸ் சொன்னது. இன்னொன்று: 2,000 ஜிபி வாங்குகிறவர்கள் எல்லோரும் 2,000 ஜிபியையும் நிரப்புவது இல்லை. பாதி அண்டா காலியாகவே கிடக்கும். அந்தக் காலி இடம்தான் அவர்கள் லாபம்.

ஆனால் விலை எப்போதும் இறங்கிக் கொண்டே இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்தது? 2011-ல் தாய்லாந்தில் பெரு வெள்ளம். அங்கே இருந்த டிஸ்க் தொழிற்சாலைகளில் தண்ணீர் புகுந்தது. உலகம் முழுவதும் டிஸ்க் விலை ஏறி விட்டது!

மலைகளும் வாக்கு மாறின

"சிறிய கம்பெனிதானே ஓடிப் போகும்? பெரிய கம்பெனி சொன்ன சொல் தவறுமா?" என்று சிலர் கேட்கலாம்.

மைக்ரோசாப்டை விடப் பெரிய கம்பெனி எத்தனை இருக்கிறது? 2014 அக்டோபரில் அது, ஆபீஸ் 365 சந்தாக்காரர்களுக்கு "அளவு இல்லாத இடம்" என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு நவம்பரிலேயே அந்தப் பேச்சை வாபஸ் வாங்கிற்று. சிலர் சினிமாப் படங்களாகக் கொண்டு வந்து கொட்டி, ஒரே ஆள் 75,000 ஜிபிக்கு மேல் நிரப்பி விட்டாராம். மற்றவர்கள் சராசரியாக வைத்திருந்ததைப் போல் 14,000 மடங்கு!

அமேசானும் 2015-ல் ஆண்டுக்கு 60 டாலருக்கு அளவில்லாத இடம் என்றது. 2017-ல் நிறுத்தியது.

கூகுள் கதை எல்லோருக்கும் தெரியும். 2015-ல் "எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம்" என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை இல்லை. 15 ஜிபிக்குமேல் போனால் பணம். அதற்கு முன்பு அந்தச் சலுகையில் ஏற்றிய படங்களை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு நாணயம்.

கடை கை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2025-ல் ஒரு பாடம் நடந்தது. அது படக் கிடங்கு அல்ல. "விபிஎன்" என்கிற ரகசிய இணைய வழியை விற்கும் நிறுவனம். பெயர் "விபிஎன் செக்யூர்". அதை வாங்கிய புதிய முதலாளிகள், ஆயுள் சந்தாக்காரர்களின் கணக்கை எல்லாம் மூடி விட்டார்கள். "இப்படி ஆயுள் சந்தா விற்கப்பட்டது, வாங்கும்போது எங்களுக்குத் தெரியாது" என்று சொன்னார்கள்.

வீட்டை வாங்கியவர், உள்ளே இருந்த ஆயுட்காலக் குத்தகைக்காரரை வெளியே போகச் சொன்னது போல!

99 ஆண்டு

சரி, "ஆயுள்" என்றால் யாருடைய ஆயுள்? வாங்குகிறவரின் ஆயுளா? கம்பெனியின் ஆயுளா? அந்தத் திட்டத்தின் ஆயுளா?

இதைச் சின்ன எழுத்தில்தான் போட்டு இருப்பார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த "பிகிளவுட்" என்ற நிறுவனம் பல ஆண்டுகளாக ஆயுள் திட்டம் விற்று வருகிறது. அது ஒளிக்காமல் சொல்லி இருக்கிறது:- ஆயுள் என்றால் 99 ஆண்டு, அல்லது கணக்கு வைத்திருப்பவரின் வாழ்நாள், இரண்டில் எது குறைவோ அது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

அப்பா பெயரில் கணக்கு. முப்பது ஆண்டுப் படங்கள் அதில். ஒரு நாள் அப்பா இறந்து விடுகிறார். அன்றுதான் பிள்ளைகள் அவர் படத்தைத் தேடுவார்கள். அவர் சிரித்தது, பேசியது, பேத்தியைத் தோளில் தூக்கியது எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படுவார்கள். ஒப்பந்தப்படி அன்றே ஆயுள் முடிந்து விட்டது!

உடனே அழித்து விடுவார்கள் என்பது அல்ல. ஆனால் கேட்க உரிமை இருக்காது.

இரண்டு வாரம் தவணை

கம்பெனி மூடப் போகிறது என்றால் முன்கூட்டிச் சொல்வார்கள், எடுத்துக் கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு.

அமெரிக்காவில் சான்டியகோ நகரில் "நிர்வானிக்ஸ்" என்று ஒரு கிடங்கு இருந்தது. வீட்டுப் படங்கள் அல்ல, பெரிய பெரிய கம்பெனிகளே அதில் சரக்கு வைத்திருந்தன. 2013 செப்டம்பரில் "இரண்டு வாரத்துக்குள் எல்லாவற்றையும் எடுத்துக் கொள்ளுங்கள்" என்றது. பிறகு அக்டோபர் 15 வரை நீட்டித்தார்கள். அதற்குள், அக்டோபர் முதல் தேதியே திவால் மனுவும் போட்டாகி விட்டது.

இரண்டு வாரம் போதாதா? கணக்குப் பாருங்கள். 2,000 ஜிபி நிறைய படம் இருக்கிறது. வீட்டு இணைப்பில் வினாடிக்கு 20 மெகாபிட் வேகம். முழுவதும் இறங்க 9 நாள் ஆகும். ஒரு நிமிடம் கூட நிற்காமல் ஓடினால் 9 நாள்! நடுவில் கரண்டு போகக் கூடாது. அந்தப் பக்கமும் வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறக்குவார்கள். ரெயில் புறப்படும்போது ஒரே கதவில் எல்லோரும் ஏறுகிற கதைதான்.

இறக்கிய படத்தை வைக்க வீட்டில் டிஸ்க் வேண்டும். அது இருந்தால்தானே?

அப்படியானால் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் படம் அங்கே மட்டும் இருக்கும் என்றால் வாங்கக் கூடாது.

முதலில் ஒரு டிஸ்க். சில ஆயிரம் ரூபாயில் கடையில் கிடைக்கிறது. படங்களை அதில் ஏற்றுங்கள். முடிந்தால் இரண்டாவது டிஸ்க் ஒன்றில் ஏற்றி, வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ அக்காள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, வீட்டுக்குள் இருந்த ஆல்பம், சர்ட்டிபிகேட் எல்லாம் ஒன்றாகத்தான் நனைந்தன. ஒரே வீட்டில் பத்துப் பிரதி இருந்தாலும் ஒரு பிரதிக்குச் சமம்தான்.

அதற்கு மேல் இணையத்தில் ஒரு பிரதி. அது ஆயுள் திட்டமாக இருந்தாலும் குற்றம் இல்லை. "இது நான்கு ஆண்டுக்குக் கட்டிய வாடகை" என்று மனதில் எழுதிக் கொள்ளுங்கள். நான்கு ஆண்டு ஓடினால் போட்ட பணம் வந்தாயிற்று. அதற்குமேல் ஓடுவது எல்லாம் லாபம். அப்படி நினைக்கக் கூடிய விலைக்கு மேல் கேட்டால், விளம்பரத்தை ஒதுக்கித் தள்ளுங்கள். நேற்றுத் தொடங்கிய கம்பெனி, "இன்று இரவு 12 மணி வரைதான் இந்த விலை" என்று மிரட்டினால், போனைக் கீழே வைத்து விட்டுத் தூங்கப் போகலாம். நாளைக்கும் அதே விலைதான் இருக்கும்.

வாங்கியவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஏற்றுவதை எல்லோரும் செய்கிறோம். இறக்கிப் பார்ப்பது இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதாவது ஒரு கல்யாண ஆல்பத்தை முழுவதும் இறக்கிப் பாருங்கள். படம் திறக்கிறதா? வீடியோ ஓடுகிறதா? எத்தனை மணி நேரம் ஆயிற்று?

கணக்கின் பெயரும் கடவுச் சொல்லும் வீட்டில் இன்னொருவருக்குத் தெரியட்டும். கணவருக்கோ, மனைவிக்கோ, விவரம் தெரிந்த பிள்ளைக்கோ. பல கணக்குகளில் நுழைய, போனுக்கு வரும் ஓடிபி எண்ணும் வேண்டும். ஆகவே அந்தக் கணக்கு எந்தப் போன் நம்பரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது அலமாரியில் கிடக்கும் பழைய சிம் ஆக இருந்தால், உபயோகத்தில் இருக்கும் நம்பருக்கு மாற்றுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட நம்பர், சில மாதத்தில் வேறு யாருக்காவது போய்விடும்.