பிரச்சனைக் கணக்கும் தோட்டப்புறப் பிள்ளைகளும்

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் பிரச்சனைக் கணக்கு என்று வழங்குவது, எண்களை வாக்கியங்களுக்குள் வைத்துக் கேட்கும் கணக்கு. 94ஐ 12ஆல் வகுக்கச் சொன்னால் நான்காம் ஆண்டு மாணவன் ஈவு 7, மீதி 10 என்று எழுதிவிடுவான். 94 மாணவர்கள் சுற்றுலா செல்கிறார்கள், ஒரு வேனில் 12 பேர் அமரலாம், எத்தனை வேன்கள் தேவை என்று கேட்டால், அதே மாணவன் 7 என்று விடை எழுதி அடிக்கோடிடுவதுண்டு. வகுத்தலில் அவன் தவறவில்லை. பத்துப் பேரைப் பள்ளி வாசலில் நிறுத்திவிட்டு வேன் கிளம்பாது என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்த இந்த இரண்டும் தாளில் ஒன்றுசேரவில்லை. பிரச்சனைக் கணக்கைக் கற்பிப்பது என்றால் இவ்விரண்டையும் சேரவைப்பதுதான்.

கெடா மாநிலத்தில் கூலிம் மாவட்டத்தைச் சேர்ந்த கரங்கான் வட்டாரத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த பகுதி இது. டப்ளின் தோட்டம் இங்கேதான் இருக்கிறது. பால்மரம் இருந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று செம்பனை. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, தோட்டத்தில் பிறந்த பலர் தொழிற்சாலை வேலைக்குப் போய்ப் பட்டணங்களில் குடியேறினார்கள். அதனால் ஒரே வகுப்பில் மூன்று நான்கு விதமான வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்து உட்காருகிறார்கள். ஒரு பிள்ளையின் தாயும் தந்தையும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். இன்னொரு பிள்ளையின் தந்தை தொழிற்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கிறார். வாரத்தில் மூன்று நாள் டியூஷன் போகும் பிள்ளையும் உண்டு, பள்ளியை விட்டால் புத்தகத்தைத் திறக்க யாரும் துணையில்லாத பிள்ளையும் உண்டு. வீட்டுப் பேச்சும் ஒன்றுபோல் இல்லை. தமிழோடு மலாய்ச் சொற்கள் தாராளமாகக் கலக்கும் வீடுகள், ஆங்கிலம் நுழைந்துவிட்ட வீடுகள், தெலுங்கோ மலையாளமோ பேசிய தாத்தா பாட்டியின் வீடுகள் எல்லாம் இதில் அடக்கம்.

பள்ளிகளின் அளவிலும் பெரிய வேறுபாடு இருக்கிறது. பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் ஓர் ஆண்டுக்கே பல வகுப்புகள் இருக்கும். தோட்டப்புறப் பள்ளிகள் பலவற்றில் மொத்த மாணவர் எண்ணிக்கை 150க்கும் கீழே. கல்வி அமைச்சு இவற்றைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறது. எண்ணிக்கை 30க்கும் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரே அறையில் கற்பிக்கும் நிலை வருகிறது.

மொழிக் கொள்கையின் மாற்றங்களும் இந்தப் பிள்ளைகள்மேல் விழுந்தன. 2003இல் முதலாம் ஆண்டிலிருந்து கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. படிப்படியாகத் தமிழ்ப்பள்ளியின் கணிதம் மீண்டும் தமிழுக்கு வந்தது. 2016இல் விரும்பும் பள்ளிகளுக்கு இருமொழிப் பாடத்திட்டம் வந்தது. ஆரம்பப்பள்ளி முடிந்து முதலாம் படிவத்தில் காலெடுத்து வைக்கும் பிள்ளை பெரும்பாலும் மலாய்மொழியில் கணிதம் படிக்கிறது. எண்ணைத் தடையின்றிக் கையாளும் பிள்ளைக்குக்கூட, கேள்வி எழுதப்பட்ட மொழி ஒரு சுமையாகவே இருக்கிறது.

பிள்ளை எந்த இடத்தில் தடுக்கி விழுகிறது என்று கண்டறிய ஆஸ்திரேலியக் கல்வியாளர் ஆன் நியூமன் 1977இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. பிரச்சனைக் கணக்கைச் செய்து முடிக்க ஒரு பிள்ளை ஐந்து படிகளைத் தாண்ட வேண்டும். முதலில் வாசிக்க வேண்டும். என்ன கேட்கப்படுகிறது என்று புரிந்துகொள்ள வேண்டும். எந்தச் செயல்முறையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும். பிறகு கணக்கைப் போட வேண்டும். கிடைத்ததைக் கேள்விக்குரிய விடையாக எழுத வேண்டும். ஆசிரியர் பிள்ளையை அருகில் உட்காரவைத்து, ஒவ்வொரு படியிலும் ஒரு கேள்வி கேட்கிறார். மெல்போர்னில் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் நியூமன் கண்ட பிழைகளில் ஏறக்குறைய பாதி, கணக்குப் போடும் படியை எட்டுவதற்கு முன்பே நிகழ்ந்தவை. இந்த ஒரு முடிவே பயிற்சியின் திசையை மாற்றப் போதுமானது. வாசிப்பில் தடுக்கிய பிள்ளைக்கு இருபது வகுத்தல் கணக்கு கொடுப்பதால் பயன் கிடையாது. அதற்குத் தேவை வாசிப்புத் துணை. ஐந்து நிமிட நேர்முகம் ஒரு பருவத் தேர்வைவிட அதிகம் சொல்லிவிடும்.

புரிந்துகொள்ளும் படியைத் தாண்டிச் செல்லக் குறுக்குவழி ஒன்று வகுப்பறைகளில் நெடுங்காலமாக நடமாடுகிறது. 'மொத்தம்' என்றால் கூட்டு, 'மீதம்' என்றால் கழி, 'அதிகம்' என்றால் கூட்டு என்று சுவரில் பட்டியல் ஒட்டுவதே அது. எளிய கணக்குகளுக்கு இது விடை தரும். அதனாலேயே ஆபத்தானது. கவிதா 45 ரப்பர் கொட்டைகள் பொறுக்கினாள், அது அமீர் பொறுக்கியதைவிட 12 அதிகம், அமீர் பொறுக்கியது எத்தனை? பட்டியலை நம்பும் பிள்ளை 'அதிகம்' என்பதைக் கண்டதும் 57 என்று எழுதும். சரியான விடை 33. ஒப்பிட்டுக் கேட்கும் இவ்வகைக் கணக்குகள் சிறு பிள்ளைகளுக்கு மிகக் கடினமானவை என்பதை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கார்ப்பெண்டர், எலிசபெத் ஃபெனெமா குழுவினர் 1980களில் செய்த ஆய்வுகள் விரிவாகக் காட்டின. சேர்ப்பது, பிரிப்பது, பகுதியும் முழுதும், ஒப்பீடு என்று கூட்டல் கழித்தல் கணக்குகளை அவர்கள் வகைப்படுத்தினர். நான்கு வகையும் வகுப்பில் மாறிமாறி வர வேண்டும். பயிற்சிப் புத்தகங்களில் முதல் இரண்டு வகைகளே நிரம்பி வழிவதால், மற்ற இரண்டையும் ஆசிரியரே எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மொழி தடுக்கும் இடத்தில் படம் கைகொடுக்கிறது. பொருளைத் தொட்டுப் பார்த்து, பிறகு படமாக வரைந்து, கடைசியில் எண்ணாலும் குறியாலும் எழுதுவது என்ற வரிசைக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனரின் 1960களின் எழுத்துகள் அடிப்படை. 1980களில் சிங்கப்பூரில் கோ தெக் ஹோங் தலைமையிலான பாடத்திட்டக் குழு அந்த நடுப் படியைப் பட்டை வரைபடமாக வளர்த்தது. சிற்றுண்டிச்சாலையில் மீகூன் வாங்கியவர்களைப்போல் மூன்று மடங்கு மாணவர்கள் நாசி லெமாக் வாங்கினார்கள், இரு கூட்டத்துக்கும் உள்ள வேறுபாடு 28 பேர், மொத்தம் எத்தனை பேர் வாங்கினார்கள் என்ற கணக்கை எடுத்துக்கொள்ளலாம். மீகூனுக்கு ஒரு கட்டம், நாசி லெமாக்குக்கு அதே அளவில் மூன்று கட்டம். ஒன்றின்கீழ் ஒன்றாக வரைந்தால், கூடுதலாக நிற்கும் இரண்டு கட்டம்தான் 28 என்று கண்ணுக்கே தெரிகிறது. ஒரு கட்டம் 14. மொத்தம் நான்கு கட்டம், 56 பேர். இதை இயற்கணிதத்தில் செய்ய இடைநிலைப்பள்ளி வரை காத்திருக்க வேண்டும், வரைந்து செய்ய நான்காம் ஆண்டே போதும். தமிழில் தடுமாறும் பிள்ளையும் நன்றாக வாசிக்கும் பிள்ளையும் ஒரே படத்தைக் காட்டிப் பேச முடிகிறது என்பதே கலவையான வகுப்புக்கு இதனால் கிடைக்கும் பெரிய நன்மை. கவிதாவுக்கும் அமீருக்கும் இரண்டு பட்டை வரைந்திருந்தால், யாருடைய பட்டை நீளம் என்ற கேள்வியிலேயே அந்தக் கணக்கு தீர்ந்திருக்கும்.

மலேசியப் பாடத்திட்டம் பிரச்சனைத் தீர்வைக் கணிதச் செயற்பாங்குகளில் ஒன்றாக வைத்து, நான்கு படிகளைப் பரிந்துரைக்கிறது. பிரச்சனையைப் புரிந்துகொள்வது, வழியைத் திட்டமிடுவது, செய்வது, சரிபார்ப்பது என்ற இந்த நான்கும், ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் வெளியிட்ட நூலிலிருந்து உலகெங்கும் பரவியவை. வகுப்பில் மூன்றாம் படிக்கே நேரமெல்லாம் போய்விடுகிறது. நான்காம் படியைப் பெரும்பாலும் 'இன்னொரு தடவை கூட்டிப் பார்' என்று சுருக்கிவிடுகிறார்கள். உண்மையில் சரிபார்ப்பது என்பது விடையைக் கதைக்குள் திரும்ப வைத்துப் பார்ப்பது. வேன் கணக்கில் விடை 8. 94 பயிற்சிப் புத்தகங்களை 12 வீதம் கட்டினால் முழுக் கட்டுகள் எத்தனை என்று கேட்டால் 7. கட்டில் சேராதவை எத்தனை என்று கேட்டால் 10. ஒரே வகுத்தலுக்கு மூன்று விடை. இந்த மூன்று கேள்விகளையும் ஒரே பாடவேளையில் அடுத்தடுத்துக் கொடுத்து, ஏன் மாறுகிறது என்று பிள்ளைகளையே சொல்லவைத்தால், மீதியை என்ன செய்வது என்பது அவர்களுக்கு நிலைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் பதினைந்து கணக்கு முடிக்கும் வகுப்பைவிட, மூன்றைப் பற்றி நன்றாக வாதாடும் வகுப்பே இதில் முன்னேறும்.

வாதாடுவதற்குப் பேச வேண்டும். பிள்ளை தன் வழியை வீட்டில் பேசுகிற மொழியிலேயே முதலில் சொல்லட்டும். 'அந்த சிக்கிட் இருக்கிற ஆளுக்கு இத கொடுத்துட்டா சமமாயிடும்' என்று, கொஞ்சம் என்பதற்கு மலாய்ச் சொல்லைக் கலந்து சொன்னாலும் அதில் கணிதம் இருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டு, 'வேறுபாடு', 'சமபங்கு' போன்ற பாடச்சொற்களை ஆசிரியர் அதன்மேல் வைக்க வேண்டும். சொல்லைத் திருத்துவதற்காகச் சிந்தனையை நடுவில் நிறுத்தினால், அடுத்த முறை அந்தப் பிள்ளை கை தூக்காது.

பல நிலை மாணவர்கள் ஒன்றாக இருக்கும் சிறிய பள்ளிகளுக்கு, எல்லோரும் நுழையக்கூடிய திறந்த கணக்குகள் பொருந்தும். பள்ளிக் காய்கறித் தோட்டத்துக்கு 24 மீட்டர் கம்பிவலை இருக்கிறது, செவ்வக வேலி போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆண்டுப் பிள்ளை 24 குச்சிகளைத் தரையில் அடுக்கி ஒரு செவ்வகம் செய்யும். நான்காம் ஆண்டுப் பிள்ளை 1க்கு 11, 2க்கு 10, 3க்கு 9 என்று எல்லாச் செவ்வகங்களையும் அட்டவணையில் எழுதும். ஆறாம் ஆண்டுப் பிள்ளை பரப்பளவு 11, 20, 27, 32, 35, 36 என்று ஏறிக்கொண்டே போவதைக் கண்டு, 6க்கு 6 என்ற சதுரத்தில்தான் அதிகக் கத்தரிச் செடி வைக்கலாம் என்று சொல்லும். சுற்றளவு மாறாமல் பரப்பளவு மாறுவது பெரியவர்களையும் வியக்கவைக்கும் செய்தி. ஒரே அறையில் இரண்டு ஆண்டு மாணவர்கள் இருப்பதைக் குறையாகவே பேசிப் பழகியிருக்கிறோம். இத்தகைய பாடவேளையில் சின்னவர்கள் பெரியவர்களின் வழியைக் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள்.

இவ்வளவும் சொன்னதால் வாய்பாடு வேண்டாம் என்று ஆகாது. ஏழெட்டு எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்குக் கதையை நினைவில் வைத்துக்கொள்ள இடமிருக்காது. தினமும் பத்து நிமிட வாய்பாட்டுப் பயிற்சி அவசியம். அந்தப் பத்து நிமிடம் பாடவேளை முழுவதையும் விழுங்காமல் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

கணக்கின் கதை எங்கிருந்து வருகிறது என்பதும் கவனத்துக்குரியது. தமிழில் இது புதிதன்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் நெல்லையும் நிலத்தையும் பலாப்பழத்தையும் வைத்தே கணக்குக் கேட்டது. கெடாத் தோட்டங்களில் கணக்குக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நிரைக்கு எத்தனை மரம், ஒரு நாளைக்கு எத்தனை நிரை என்பது பெருக்கல். 40 கிலோ ரப்பர்ப் பாலில் உலர்ந்த ரப்பர் 30 விழுக்காடு என்றால் 12 கிலோ, அதைக் கிலோ விலையால் பெருக்கினால் வருமானம். பிள்ளைகளின் தாத்தா பாட்டிகள் நிறுவையிடத்தில் நின்று மனத்திலேயே போட்ட கணக்கு இது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் வழியாக அப்படிப்பட்ட ஒருவரை வகுப்புக்கு அழைத்து வந்தால், எங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்று ஒதுங்கும் வீடுகளுக்கும் கணிதத்தில் ஓர் இடம் கிடைக்கிறது. தொழிற்சாலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓவர்டைம் சம்பளமும் ஷிப்டு நேரமும் அதே அளவுக்குக் கணக்குத் தரும்.

மதிப்பீடு மாறியிருப்பது இந்த வேலைக்குச் சாதகமானது. ஆறாம் ஆண்டின் முடிவில் மாணவர்கள் எழுதிவந்த யூபிஎஸ்ஆர் தேர்வை அரசாங்கம் 2021இல் நீக்கியது. இப்போதைய வகுப்பறை மதிப்பீட்டில் அடைவுநிலை ஆறு. நான்காம் நிலை அன்றாட வழக்கமான பிரச்சனைகளுக்குத் தீர்வு காண்பது, ஐந்தாம் நிலை சிக்கலானவற்றைப் பல உத்திகளால் தீர்ப்பது, ஆறாம் நிலை பழக்கமில்லாத பிரச்சனையை ஆக்கச் சிந்தனையோடு அணுகுவது. பழைய கேள்வித்தாள்களை மனப்பாடம் செய்து ஆறாம் நிலையை எட்ட முடியாது. நாட்டுக்கே இதில் அக்கறை வேண்டும். இரண்டாம் படிவ மாணவர்களைச் சோதிக்கும் டிம்ஸ் என்ற அனைத்துலக ஆய்வில் மலேசியாவின் கணித மதிப்பெண் 1999இல் 519, 2023இல் 411. அதே 2023இல் சிங்கப்பூர் 605.

அந்த இரண்டாம் படிவத்தை நோக்கிப் போகும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு ஒரு பாலம் தேவை. பின்னம் அங்கே 'பெச்சாஹான்', விழுக்காடு 'பெராத்துஸ்', பெருக்குத்தொகை 'ஹாசில் டாராப்'. வாரத்துக்கு ஒரு கணக்கை மலாயில் கொடுத்து, பிள்ளையைத் தமிழில் கதையாகச் சொல்லவைத்து, பட்டை வரைந்து, தீர்த்து, விடை வாக்கியத்தை மலாயில் எழுதவைப்பது இதற்குப் போதுமான பயிற்சி. ஆறாம் ஆண்டின் கடைசி மாதங்களுக்குத் தள்ளிவைக்காமல் நான்காம் ஆண்டிலேயே இதைத் தொடங்கினால், முதலாம் படிவத்தில் அந்தப் பிள்ளை புதிதாகப் படிக்க வேண்டியவை சில பத்துச் சொற்கள் மட்டுமே. கணக்கை அணுகும் முறை ஏற்கெனவே அதன் கையில் இருக்கும்.