பனோரமா படங்களில் இணைப்பு விலகுவது ஏன்? போர்ட் கொச்சி காட்சிகள் தரும் விளக்கம்

கொச்சி: பல புகைப்படங்களை இணைத்து ஒரே அகன்ற படமாக்கும் பனோரமா மென்பொருள்கள் இன்று பரவலாகக் கிடைக்கின்றன. எனினும், இணைக்கும் இடத்தில் தூண் இரண்டாகத் தெரிவது, கூரைக் கோடு உடைவது போன்ற பிழைகள் தொடர்கின்றன. சுற்றுலா நினைவுப் படத்தில் இது சிறு குறையே. ஆனால் பாரம்பரியச் சின்னங்களை ஆவணப்படுத்தும் பணியில், சுவரில் உள்ள விரிசல் படத்தில் மறையவும், இல்லாத விரிசல் தோன்றவும் இது காரணமாகிவிடும்.

மென்பொருள் செயல்படும் விதம்

அடுத்தடுத்த இரு படங்களிலும் காணப்படும் பொதுவான புள்ளிகளை மென்பொருள் முதலில் தேடுகிறது. டேவிட் லோவ் 1999-ல் வெளியிட்ட 'சிஃப்ட்' முறை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. பொருந்தாத புள்ளிகளைக் கழிக்க, 1981-ல் வெளியான 'ரான்சாக்' முறை உதவுகிறது. எஞ்சிய புள்ளிகளைக் கொண்டு படங்கள் திருப்பி, வளைத்து இணைக்கப்படுகின்றன. புள்ளிகள் தவறானால் இணைப்பும் தவறும்.

அருகில் உள்ள தூண்

முதன்மையான காரணம் இடமாறு தோற்றப் பிழை. கேமராவைத் திருப்பும்போது லென்சின் நிலை 5 செ.மீ. நகர்வதாகக் கொள்வோம். 1 மீட்டர் தொலைவில் உள்ள தூணும் 5 மீட்டர் தொலைவில் உள்ள சுவரும் ஒன்றுக்கொன்று 2 டிகிரிக்கு மேல் விலகித் தெரியும். 4,000 பிக்சல் அகலமுள்ள வழக்கமான படத்தில் இது 100 பிக்சலைத் தாண்டும். அதே நகர்வு, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள கடற்கரைக் காட்சியில் சுமார் 3 பிக்சல் மட்டுமே. திறந்தவெளியில் நன்றாக வரும் படம் மட்டாஞ்சேரியின் குறுகிய தெருக்களிலும் அறைகளிலும் பிசகுவதற்கு இதுவே காரணம்.

போர்ச்சுகீசியர் கட்டி, 1663-ல் டச்சுக்காரர் பழுதுபார்த்த மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள் போன்ற தட்டையான பரப்புக்கு வேறு வழி உண்டு. கேமராவைச் சுவருக்கு இணையாக நகர்த்திப் படமெடுத்து, 'ஹூகின்' போன்ற மென்பொருளில் உள்ள மொசைக் முறையில் இணைக்கலாம். சுவரை விட்டு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் உத்தரம், நிலைக்கதவு போன்றவற்றுக்கு இது பொருந்தாது.

ஒரே மாதிரியான ஓடுகள்

1568-ல் கட்டப்பட்ட பரதேசி யூத ஜெபக்கூடத்தின் தரையில், சீனாவிலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீல நிற ஓடுகள் பதிக்கப்பட்டுள்ளன. மனிதக் கண் அவற்றின் வேறுபாட்டை அறியும். மென்பொருளோ ஒத்த கோலத்தைக் கண்டு, ஓர் ஓட்டின் மூலையை அடுத்த ஓட்டின் மூலையுடன் பொருத்திவிடக்கூடும். இத்தகைய இடங்களில் தானியங்கிப் புள்ளிகளை நீக்கி, கறை, கீறல் போன்ற தனி அடையாளங்களில் புள்ளிகளைக் கையால் இடுவதே பாதுகாப்பானது.

அசையும் வலைகள்

போர்ட் கொச்சி கரையில் உள்ள சீன மீன்பிடி வலைகள் இடைவிடாது இறங்கி ஏறுபவை. அலைகளும் மேகங்களும் நில்லாதவை. அசையும் பொருளில் விழும் புள்ளிகள் முழுப் படத்தையும் கோணலாக்கும். வலையும் இரட்டை நிழலாகத் தெரியும். கட்டடம், கரை ஆகியவற்றில் மட்டும் புள்ளிகளை வைத்து, வலை முழுமையாகத் தெரியும் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற படங்களில் அப்பகுதியை மறைத்துவிட வேண்டும்.

சரிசெய்யும் வரிசை

முதலில், பிழை அதிகமுள்ள புள்ளிகளைப் பட்டியலிட்டு, தவறானவற்றை நீக்க வேண்டும். அடுத்து, லென்சின் குவியத் தொலைவு சரியாகப் பதிவாகியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். பின்னர் படங்களின் கோணங்களையும், இறுதியாக லென்ஸ் வளைவையும் கணக்கிடச் செய்ய வேண்டும். செங்குத்தான சுவர் விளிம்புகளில் செங்குத்துக் கோடுகளைக் குறித்தால் கட்டடம் சாய்வது நிற்கும். அருகில் உள்ள பொருள்களில் மட்டும் பிழை எஞ்சினால், அது படமெடுத்தபோதே நேர்ந்த இடமாறு தோற்றப் பிழை. மென்பொருளால் அதை முழுமையாக நீக்க இயலாது.

எனவே, முக்காலியில் லென்சை மையமாகக் கொண்டு திருப்புவதும், அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மீது ஒன்று படியுமாறு எடுப்பதும், ஒளி அளவையும் குவியத்தையும் மாற்றாதிருப்பதும் அவசியம். ஆவணப் பணியில் இணைத்த படத்துடன் மூலப் படங்களையும் பாதுகாத்து வைத்தால், பிற்காலத்தில் ஐயம் எழும்போது சுவரின் உண்மை நிலையை அவற்றைக் கொண்டு உறுதிசெய்யலாம்.