முதிர்ந்த ஜப்பானியக் கலப்பு விஸ்கி

முதிர்ந்த ஜப்பானியக் கலப்பு விஸ்கி என்பது, ஜப்பானில் வடிக்கப்பட்டு மரப்பீப்பாய்களில் பல ஆண்டுகள் முதிர்விக்கப்பட்ட மால்ட் விஸ்கிகளையும் தானிய விஸ்கிகளையும் கலந்து உருவாக்கப்படும் மதுபான வகையாகும். சன்டோரி நிறுவனத்தின் ஹிபிக்கி இவ்வகையில் உலகளவில் அறியப்பட்ட ஒன்று. இவற்றின் புட்டிகளில் 12, 17, 21, 30 என அச்சிடப்படும் எண்கள் தரத்தின் அளவுகோலாகக் கருதப்படுவது உண்டு. எனினும், அவ்வெண் கலவையில் உள்ள மிக இளைய விஸ்கியின் வயதை மட்டுமே குறிக்கின்றது. எனவே இதன் சுவையை மதிப்பிடும்போது, வயதோடு பீப்பாயின் தன்மையையும் கலப்பாளரின் தெரிவையும் சேர்த்துக் கருத வேண்டியுள்ளது.

வரலாறு

ஜப்பானிய விஸ்கியின் தொடக்கம் இருவரோடு தொடர்புடையது. மசட்டாக்கா தக்கெட்சுரு 1918 இல் ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோவில் வேதியியல் பயின்றதுடன் அங்குள்ள வடிசாலைகளில் தொழிலையும் கற்றார். 1920 இல் ரீட்டா கோவன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணை மணந்து நாடு திரும்பினார். பின்னாளில் சன்டோரி எனப் பெயர் பெற்ற நிறுவனத்தை நிறுவிய ஷின்ஜிரோ தொரீ அவரைப் பணியில் அமர்த்தினார். கியோட்டோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையில் உள்ள யமசாக்கியில் 1923 இல் வடிசாலை அமைக்கும் பணி தொடங்கியது.

1929 இல் வெளியான இவர்களின் முதல் விஸ்கியான ஷிரோஃபுடா, புகைமணம் மிகுந்திருந்ததால் ஜப்பானியரிடையே வரவேற்புப் பெறவில்லை. 1937 இல் வெளியான மென்மையான கக்குபின் வெற்றி பெற்றது. இதற்கிடையில் தக்கெட்சுரு விலகிச் சென்று, 1934 இல் ஹொக்கைடோ தீவின் யொய்ச்சியில் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். அது 1952 இல் நிக்கா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

சன்டோரி 1972 இல் சிட்டா தானிய விஸ்கி வடிசாலையையும், 1973 இல் ஹக்குஷு மால்ட் வடிசாலையையும் தொடங்கியது. நிறுவனத்தின் 90 ஆவது ஆண்டை ஒட்டி 1989 இல் ஹிபிக்கி வெளியிடப்பட்டது. ஹிபிக்கி என்னும் ஜப்பானியச் சொல்லுக்கு அதிர்வொலி அல்லது எதிரொலி என்பது பொருள். இதன் புட்டியில் உள்ள 24 பட்டைகள், ஜப்பானிய மரபு நாட்காட்டியின் 24 பருவங்களைக் குறிக்கின்றன.

கலவையின் கூறுகள்

மால்ட் விஸ்கி, முளைகட்டிய வாற்கோதுமையை நொதிக்கச் செய்து, செப்புக் கொதிகலன்களில் தொகுதி தொகுதியாக வடிக்கப்படுவது; மணமும் அடர்த்தியும் மிக்கது. தானிய விஸ்கி பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து, உயரமான தொடர் வடிகலன்களில் வடிக்கப்படுவது; இலேசான சுவை கொண்டது. கலவையில் மால்ட் விஸ்கிகள் தனித்தனிக் குணங்களைத் தர, தானிய விஸ்கி அவற்றை இணைக்கும் அடித்தளமாக அமைகின்றது.

ஸ்காட்லாந்தில் வெவ்வேறு நிறுவனங்களின் வடிசாலைகள் தமக்குள் விஸ்கியைப் பரிமாறிக்கொள்வது நெடுங்கால வழக்கம். ஜப்பானின் பெரிய நிறுவனங்கள் இரண்டும் மரபாக அவ்வாறு செய்வதில்லை. ஆகவே தமக்குத் தேவையான பல்வேறு வகைகளைத் தாமே உருவாக்க வேண்டியதாயிற்று. யமசாக்கியில் வெவ்வேறு வடிவமுள்ள கொதிகலன்களும் பல வகைப் பீப்பாய்களும் பயன்படுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

முதிர்வும் பீப்பாயும்

புதிதாக வடிக்கப்பட்ட விஸ்கி நிறமற்றது. அதன் நிறமும் மணத்தின் பெரும்பகுதியும் பீப்பாயிலிருந்து வருகின்றன. முதிர்வின்போது மூன்று மாற்றங்கள் ஒரே காலத்தில் நிகழ்கின்றன:

1. மரத்தின் லிக்னினிலிருந்து வனிலின் போன்ற மணப்பொருள்களும், டானின்களும் விஸ்கியில் கரைகின்றன.
2. பீப்பாயின் கருக்கப்பட்ட உட்புறம், கந்தகம் சார்ந்த விரும்பத்தகாத மணங்களைக் குறைக்கின்றது.
3. மரத்தின் நுண்துளைகள் வழியே ஆக்சிசன் உட்புகுந்து மெதுவாக வினைபுரிகின்றது. அதே வேளையில் ஒரு பகுதி ஆவியாகி வெளியேறுகின்றது. இவ்விழப்பு 'தேவதைகளின் பங்கு' எனப்படும்.

அமெரிக்க வெள்ளை ஓக் பீப்பாய் வனிலா, தேங்காய் போன்ற மணங்களையும், செரி மது வைக்கப்பட்டிருந்த ஸ்பானிய ஓக் பீப்பாய் உலர் திராட்சை போன்ற மணத்தையும் தருகின்றன. ஜப்பானிய ஓக் மரமான மிசுனரா, இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுப் பீப்பாய்கள் கிடைக்காமையால் பயன்பாட்டுக்கு வந்தது. இம்மரம் எளிதில் கசியக்கூடியது; இதில் பீப்பாய் செய்வதும் கடினம். முதலில் குறைவாக மதிப்பிடப்பட்ட இம்மரம், நீண்ட முதிர்வுக்குப் பின் சந்தனத்தையும் அகிலையும் நினைவூட்டும் மணத்தைத் தருவது பிற்பாடு அறியப்பட்டது.

காலம் எப்போதும் நன்மையே செய்வதில்லை. அளவுக்கு மீறி முதிர்ந்தால் டானின் மிகுந்து, கசப்பும் துவர்ப்பும் மேலோங்கிப் பழமணம் மறைந்துவிடும். ஒரு பீப்பாய் எந்த ஆண்டில் உச்சநிலையை அடைகின்றது என்பது மரம், பீப்பாயின் பருமன், கிடங்கின் வெப்பநிலை ஆகியவற்றைப் பொறுத்தது. ஒவ்வொரு பீப்பாயையும் அவ்வப்போது சோதித்து அதன் நிலையைக் கணிப்பது கலப்பாளரின் முதன்மைப் பணிகளுள் ஒன்றாகும்.

சுவைத்தல் முறை

சுவை மதிப்பீட்டுக்கு வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் கண்ணாடிக் குவளை பயன்படுத்தப்படுகின்றது. இது மணத்தை மேற்புறத்தில் குவிக்கின்றது. மதிப்பீடு வழக்கமாகப் பின்வரும் படிகளில் நிகழும்.

நிறம்: பீப்பாயின் வகையைப் பற்றி நிறம் ஓரளவு குறிப்புத் தரும். ஆனால் சில விஸ்கிகளில் நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரைச் சாயம் சேர்க்கப்படுவதால், நிறத்தை மட்டும் கொண்டு வயதைக் கணிக்க இயலாது.

மணம்: குவளையை மூக்கிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, வாயைச் சிறிது திறந்தபடி மெதுவாக முகர வேண்டும். ஆழமாக இழுத்தால் எத்தனால் ஆவி மூக்கை மரத்துப்போகச் செய்யும்.

நீர் சேர்த்தல்: சில துளி நீர் சேர்த்தபின் மீண்டும் முகர்ந்தால், முன்பு தெரியாத மணங்கள் வெளிப்படுவது உண்டு. புகைமணம் தரும் குவாயகோல் மூலக்கூறுகள், நீர் சேர்த்து எத்தனால் அளவு குறையும்போது திரவத்தின் மேற்பரப்பில் அதிகம் திரள்கின்றன என்பதை, 2017 இல் வெளியான சுவீடிய ஆய்வு ஒன்று கணினி உருவகப்படுத்தல் வழியே காட்டியது. தொழில்முறைக் கலப்பாளர்கள் ஏறத்தாழ 20% எத்தனால் அளவுக்கு நீர்த்து முகர்வது வழக்கம்.

சுவை: சிறு மிடறை நாக்கு முழுவதும் பரவவிட்டு, இனிப்பு, புளிப்பு, கசப்பு ஆகியவற்றோடு அதன் அடர்த்தியையும் கவனிக்க வேண்டும்.

பின்சுவை: விழுங்கியோ உமிழ்ந்தோ முடித்தபின் வாயில் எஞ்சும் சுவை எவ்வளவு நேரம் நீடிக்கின்றது, எவ்வாறு மாறுகின்றது என்பது இறுதிப் படியாகும். நன்கு முதிர்ந்த கலவையில் இது நீண்டு, மரத்தின் இலேசான துவர்ப்புடன் அடங்கும்.

கலப்பு விஸ்கியில் கவனிக்க வேண்டியது, தனித்த ஒரு மணம் எவ்வளவு வலுவாக உள்ளது என்பதன்று. ஒரு மணத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி நகர முடிகின்றதா என்பதாகும். ஜப்பானில் விஸ்கியோடு இரு மடங்குக்கு மேல் நீர் சேர்த்து உணவுடன் அருந்தும் மிசுவாரி முறை பரவலாக உள்ளது. நீர்த்தபின்னும் சமநிலை குலையாதிருப்பது அங்கு நல்ல கலவையின் அடையாளமாகக் கொள்ளப்படுகின்றது.

வயது எண்ணும் தட்டுப்பாடும்

1989 இல் விற்பனைக்கு வந்த 17 ஆண்டு விஸ்கியில், 1972 க்குப் பின் வடிக்கப்பட்ட ஒரு துளியும் இருக்க இயலாது. இன்றைய புட்டி என்பது, அன்றைய தேவையைப் பற்றிய கணிப்பின் விளைவாகும். ஜப்பானில் விஸ்கி நுகர்வு 1983 இல் உச்சத்தை எட்டி, பின்னர் ஏறத்தாழ 25 ஆண்டுகள் வீழ்ச்சியடைந்தது. அக்காலத்தில் வடிசாலைகள் உற்பத்தியைக் குறைத்தன. பின்னர் சோடா நீர் கலந்த ஹைபால் பானத்தின் மறுமலர்ச்சியாலும், பன்னாட்டு விருதுகளாலும் தேவை திடீரெனப் பெருகியபோது போதிய முதிர்ந்த இருப்பு இல்லை. பீப்பாயில் காலத்தை விரைவுபடுத்த வழியில்லாமையால், 2015 இல் ஹிபிக்கி 12 நிறுத்தப்பட்டது. வயது குறிப்பிடப்படாத ஹிபிக்கி ஹார்மனி அதே ஆண்டில் வெளியானது. ஹிபிக்கி 17 இன் விற்பனை 2018 இல் நிறுத்தி வைக்கப்பட்டது.

வயது குறிப்பிடாமையைத் தரக்குறைவு எனக் கருத வேண்டியதில்லை. முதிர்ந்த விஸ்கிகளோடு சிறிதளவு இளைய விஸ்கியைச் சேர்த்துப் புத்துணர்வு ஊட்டும் உரிமை இதனால் கலப்பாளருக்குக் கிடைக்கின்றது. ஆயினும், முதிர்ந்த விஸ்கியின் பங்கு எவ்வளவு என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை என்பது இதன் குறையாகும்.

வரையறை

நெடுங்காலம், வெளிநாட்டிலிருந்து மொத்தமாகத் தருவிக்கப்பட்ட விஸ்கியை ஜப்பானில் புட்டியில் அடைத்து ஜப்பானிய விஸ்கி என விற்பதைத் தடுக்கும் விதி இருக்கவில்லை. ஜப்பானிய மதுபான உற்பத்தியாளர் சங்கம் ஒன்று தன் உறுப்பினர்களுக்காக உருவாக்கிய தரநிலை 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்து, 2024 ஏப்ரல் முதல் முழுமையாகச் செயற்படுகின்றது. இதன்படி முளைகட்டிய தானியம் கட்டாயம் பயன்படுத்தப்பட வேண்டும். நீர் ஜப்பானில் எடுக்கப்பட வேண்டும். நொதித்தல், வடித்தல், புட்டியில் அடைத்தல் ஆகியன ஜப்பானிலேயே நிகழ வேண்டும். 700 லிட்டருக்கு மிகாத மரப்பீப்பாயில், ஜப்பானில் குறைந்தது 3 ஆண்டுகள் முதிர்ந்திருக்க வேண்டும். எத்தனால் அளவு 40% க்குக் குறையக்கூடாது.

உடல்நலம்

வயதும் விலையும் எவ்வளவாயினும், விஸ்கியில் உள்ள எத்தனால் ஒன்றே. மதுபானங்கள் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988 இல் வகைப்படுத்தியது. ஜப்பானில் மது அருந்தச் சட்டப்படியான குறைந்த வயது 20 ஆகும். தொழில்முறைச் சுவைஞர்கள் பெரும்பாலும் விழுங்காமல் உமிழ்ந்துவிடுகின்றனர். மணத்தையும் சுவையையும் அறிவதற்கு அதுவே போதுமானது.