கோழிக்குப் பூச்சி மருந்தா? முதலில் எச்சத்தைப் பாருங்கள்!

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆறு நாட்டுக் கோழிகள். போன ஆடி மாசம், நன்றாகத் தீனி தின்றும் எல்லாம் இளைத்துக்கொண்டே வந்தன. கொண்டை வெளுத்துப் போச்சு, முட்டையும் குறைந்தது. "வயித்துல பூச்சிதான்" என்றார் மாமியார். மருந்துக் கடையில் பைப்பரசின் வாங்கி, தண்ணீரில் கலந்து வைத்தேன். பலனில்லை. ஒரு பெட்டை செத்தே போயிற்று.

பிறகுதான் எச்சத்தை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதில் அரிசி மணி போல வெள்ளைத் துணுக்குகள்! "இது நாடாப்புழும்மா. பைப்பரசின் உருண்டைப்புழுவைத்தான் வெளியேற்றும், இதை ஒன்றும் செய்யாது" என்றார் டாக்டர். எடை பார்த்து பிரசிகுவான்டெல் கொடுத்தார். மற்ற ஐந்தும் தேறின.

சகோதரிகளே, எந்தப் புழு என்று தெரிந்த பிறகே மருந்து வாங்குங்கள். உருண்டைப்புழு என்றால் ஒரு தடவையோடு நிறுத்தி விடாதீர்கள். குடல் சுவரில் ஒளிந்திருக்கும் இளம் புழுக்கள் தப்பித்து வளர்ந்துவிடும். அடுத்த தடவை எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாடாப்புழு வருவது எறும்பு, வண்டு, ஈ இவற்றைக் கொத்தித் தின்பதால். ஆகவே கூண்டில் எச்சத்தைத் தேங்க விடாதீர்கள்.

இன்னொன்று. மருந்து கொடுத்தபின் எத்தனை நாளைக்கு முட்டை சாப்பிடக் கூடாது என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் கேளுங்கள். தினம் ஒரு முட்டை கேட்கும் என் சின்னவளுக்கு அந்த நாட்களில் பாலும் சுண்டலும்தான்!