குட்டி போட்ட முயல் கிட்டவே போகலையா? பதறாதீங்க... பால் கொடுக்க அதுக்கு 5 நிமிஷம் போதும்!

காஞ்சீபுரம்,

பிள்ளைகள் அடம் பிடித்தார்கள் என்று ரோட்டோர கூண்டுக்காரரிடம் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வருகிறார்கள். "ரெண்டுமே பெட்டைதான், பயப்படாம வளருங்க" என்று சொல்லித்தான் விற்றிருப்பார்கள். நாலைந்து மாதம் போனதும் ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால் கூண்டு மூலையில் ஒரு ரோமக்குவியல். அதை விலக்கினால் விரல் நீளத்தில், உடம்பில் முடியே இல்லாமல், கண் திறக்காமல், செக்கச்சிவந்த ஆறேழு குட்டிகள் நெளிகின்றன.

வீடே அமர்க்களப்படும். அடுத்த ஒரு மணி நேரத்தில் பயமும் வந்து விடும். "தாய் முயல் அந்த பக்கம் மூலையில உட்கார்ந்திருக்கு, குட்டிகிட்ட போகவே மாட்டேங்குதே!"

இந்த பயத்தில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். குட்டிகளை எடுத்து மாட்டுப்பாலை பில்லரில் ஊட்டி, மூச்சுக்குழாயில் பால் இறங்கி, நன்றாக இருந்த குட்டிகளை சாகடித்து விடுகிறார்கள்.

விஷயம் இதுதான். முயல், பூனை மாதிரி குட்டியை அணைத்துக்கொண்டு படுக்கிற பிராணி கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, அதுவும் இரவிலோ விடியற்காலையிலோ வந்து மூன்று முதல் ஐந்து நிமிடம் பால் கொடுத்து விட்டு போய்விடும். அடிக்கடி போனால் வாசனை பிடித்து நரியும் பாம்பும் வந்து விடும் என்பது காட்டில் பொந்துக்குள் வாழ்ந்த முன்னோர்களிடம் இருந்து வந்த ஜாக்கிரதை. அந்த ஒரு வேளை பாலே குட்டிக்கு போதும். பசும்பாலை விட மூன்று மடங்குக்கு மேல் கொழுப்பு உள்ள கெட்டி பால் அது.

வயிறுதான் சாட்சி

தாய் பால் கொடுத்ததா இல்லையா என்று ராத்திரி முழுக்க கண் விழித்து காத்திருக்க தேவை இல்லை. காலையில் குட்டியின் வயிற்றை பார்த்தால் போதும். வயிறு உருண்டையாக, மெல்லிய தோல் வழியாக உள்ளே பால் வெள்ளையாக தெரிந்தால் கவலையே வேண்டாம். வயிறு ஒட்டி, தோல் சுருங்கி, கை பட்டதும் கத்திக்கொண்டு தலையை தூக்கினால் பட்டினி என்று அர்த்தம்.

பிறந்து ஒரு நாள் ஆகியும் எல்லா குட்டிக்கும் வயிறு ஒட்டியே இருந்தால், தாயை மெதுவாக தூக்கி குட்டிகள் இருக்கும் பெட்டிக்குள் விட்டு, முதுகை தடவியபடி ஐந்து நிமிடம் பிடித்துக்கொள்ளலாம். குட்டிகள் வாசனையை வைத்தே காம்பை தேடி பிடித்து விடும். தாய் இறந்து விட்டால், அதே வயது குட்டி உள்ள வேறு முயலிடம் சேர்ப்பதுதான் முதல் வழி. பில்லர் எல்லாம் கடைசி வழி. அதையும் டாக்டரிடம் காட்டி கற்றுக்கொண்ட பிறகே செய்ய வேண்டும்.

"மனுஷன் கை பட்டா தாய் ஒதுக்கிடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வீட்டில் பழகிய முயலுக்கு இது பொருந்தாது. தினமும் உங்கள் கை வாசனையிலேயே தீவனம் தின்கிற முயல்தானே அது! கையை கழுவிக்கொண்டு தினமும் ஒரு தடவை பெட்டியை பார்க்கத்தான் வேண்டும். செத்த குட்டி இருந்தால் உடனே எடுத்து விட வேண்டும். ஆனால் தெருப்பிள்ளைகள் எல்லாரையும் கூட்டி வந்து வேடிக்கை காட்டுவது கூடாது. மிரண்ட தாய், குட்டியை மிதிக்கும். சில சமயம் தின்றும் விடும். குட்டி போடும் நேரத்தில் தண்ணீர் கிடைக்காமல் போனாலும் இந்த கொடுமை நடப்பது உண்டு.

இன்னொன்று. முயல் தன் குட்டியை வாயில் கவ்வி தூக்கி வராது. காம்பை பிடித்தபடியே வெளியே இழுபட்டு வந்து விழுந்த குட்டி, அங்கேயே கிடந்து குளிர்ந்து சாகும். நீங்கள்தான் எடுத்து வைக்க வேண்டும். சில்லிட்டு கிடந்தால் முதலில் உள்ளங்கையில் பொத்தி சூடேற்றி, அப்புறம் பெட்டியில் விட வேண்டும்.

தறி வீட்டில் கவனம்

முயலுக்கு சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள்தான். 28-வது நாளே ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ வைத்து விட வேண்டும். தாய் உள்ளே திரும்பி உட்காரும் அளவு இருந்தால் போதும். உள்ளே காய்ந்த புல்லோ வைக்கோலோ போட வேண்டும். மிச்சத்தை தாயே பார்த்துக்கொள்ளும். தன் மார்பு, வயிற்று முடியை பிடுங்கி மெத்தை போட்டு விடும்.

காஞ்சீபுரம் சுற்று வட்டாரத்தில் தறி உள்ள வீடுகளில் ஒரு ஆபத்து இருக்கிறது. மிச்சம் விழுந்த பட்டு நூலும் பஞ்சும் "மெத்துன்னு இருக்குமே" என்று பெட்டிக்குள் போடத்தோன்றும். போடவே கூடாது. குட்டியின் காலில் நூல் சுற்றி ரத்த ஓட்டம் நின்று கால் அழுகி விடும். தாயை தறிப்பக்கம் அவிழ்த்து விடுவதும் வினைதான். முயலுக்கு பல் வாழ்நாள் முழுக்க வளரும். எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். பாவு நூலில் வாய் வைத்தால் நஷ்டம் யாருக்கு?

தாமல், பாலுசெட்டி சத்திரம் பக்கம் வெயில் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு கீழே கூண்டு வைத்தால் முயல் தாங்காது. அதற்கு வியர்க்காது. காது வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலை துணியில் சுற்றி தாய் பக்கத்தில் வைக்கலாம். குட்டிகள் ஒன்றை விட்டு ஒன்று விலகி மல்லாந்து கிடந்தால் புழுக்கம் என்று தெரிந்துகொண்டு மேல் ரோமத்தை கொஞ்சம் எடுத்து விட வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க கூண்டு கால்களை தண்ணீர் கிண்ணத்தில் நிறுத்துவது நம்ம வீட்டு பால் பாத்திர வித்தைதான், இங்கேயும் கை கொடுக்கும். எலி, பூனை, பாம்புக்கு நெருக்கமான கம்பி வலை வேண்டும்.

கேரட் மட்டும் போதாது

சினிமாவிலும் கார்ட்டூனிலும் முயல் என்றாலே கேரட்தான். உண்மையில் அதன் சாப்பாடு புல். தாமல் ஏரிக்கரை பக்கம் அறுத்த புல், வேலிமசால், முருங்கைக்கீரை, அகத்திக்கீரை எல்லாம் நல்லது. பூச்சி மருந்து அடித்த வயல் ஓரம் அறுக்கக்கூடாது. கேரட் ஒரு துண்டு போதும். பால் சோறு, பிஸ்கட் வேண்டவே வேண்டாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பினால் உயிருக்கே ஆபத்து. பால் கொடுக்கும் தாய்க்கு தண்ணீர் எந்நேரமும் இருக்க வேண்டும்.

தன் புழுக்கையில் மெத்தென்று இருப்பதை முயல் தானே தின்பதை பார்த்து சிலர் நோய் என்று பயப்படுகிறார்கள். அது நோய் இல்லை. மாடு அசை போடுகிற மாதிரி, சத்தை இரண்டாவது தடவை எடுத்துக்கொள்ளும் வழி.

மருந்து விஷயத்தில் விளையாட்டு கூடாது. மெடிக்கலில் கிடைக்கும் பென்சிலின் வகை மாத்திரையை வாய் வழியாக கொடுத்தால் முயல் குடலில் உள்ள நல்ல கிருமிகள் செத்து, முயலும் சாகலாம். நாய்க்கு உண்ணி போக அடிக்கும் பிப்ரோனில் ஸ்பிரேயும் முயலுக்கு விஷம். காதில் சொறி, குட்டிக்கு பேதி, தாய்க்கு மடி வீக்கம் என்றால் அரசு கால்நடை மருந்தகத்துக்கு போக வேண்டும். பெரிய சிகிச்சைக்கு, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவ கல்லூரியின் ஆஸ்பத்திரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது. முன்பு காஞ்சீபுரம் மாவட்டத்தில் இருந்து 2019-ல் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு போன காட்டுப்பாக்கத்தில், கால்நடை பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. முயல் வளர்ப்பு பற்றி அங்கே விசாரிக்கலாம்.

அடுத்த ஈத்து ஜாக்கிரதை

பத்து, பன்னிரண்டு நாளில் குட்டி கண் திறக்கும். 14 நாள் ஆகியும் ஒட்டிக்கொண்டு இருந்தால், கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து மெதுவாக துடைக்க வேண்டும். மூன்றாவது வாரம் வெளியே வந்து புல்லை கொறிக்கும். ஆறு வாரத்துக்கு முன் தாயிடம் இருந்து பிரிக்கக்கூடாது. ரோட்டில் "குட்டி குட்டியா அழகா இருக்கே" என்று விற்கப்படும் பல முயல்கள் அந்த வயதை தொடாதவை. அதனால்தான் வீட்டுக்கு வந்த வாரமே பேதியாகி செத்து விடுகின்றன.

ஆண் முயலை பிரசவத்துக்கு முன்பே தனிக்கூண்டில் போட்டு விட வேண்டும். குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே பெண் முயல் மறுபடி சினை பிடிக்கும். ஒரு பக்கம் பால், ஒரு பக்கம் சினை என்றால் தாய் எலும்பும் தோலுமாகி விடும். குட்டிகளிலும் மூன்று மாதத்துக்குள் ஆண், பெண் பிரித்தாக வேண்டும். "அண்ணன் தங்கச்சிதானே" என்ற கணக்கெல்லாம் முயலுக்கு தெரியாது.

ஏரிக்கரை புதரில் முடி முளைத்து, கண் திறந்த நிலையில் ஒரு குட்டி அசையாமல் கிடந்தால் அது வேறு ஜாதி. அது காட்டு முயல். பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கும். தாய் இரை தேட போயிருக்கும், அனாதை இல்லை. 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டப்படி காட்டு முயலை பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்பதால், இருந்த இடத்திலேயே விட்டு விட வேண்டும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்கு தகவல் சொல்ல வேண்டும்.