கரகர ஒலியும் மின்னலும்



மழை இரவில் நாம் வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறோம். திடீரென்று ‘கரகர’ ஒலி பாட்டைக் குலைக்கிறது. சன்னலைத் திறந்தால் மின்னல்! காரணம் விளங்கிவிடுகிறது. சன்னல் அடைத்தே இருந்தால் காரணத்தை எப்படி அறிவோம்?

வானியல் அறிஞர்களின் நிலையும் இதுதான். 2007-ஆம் ஆண்டில் டங்கன் லோரிமர் குழுவினர், ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி 2001-இல் செய்த பதிவுகளை ஆராய்ந்தனர். அதில் ஒரு வலுவான வானொலித் துடிப்பு இருந்தது. ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கினால், ஐந்து பங்குகூட அது நீடிக்கவில்லை. அதன் குறைந்த அதிர்வெண் அலைகள் பிந்தி வந்தன. வழியிலுள்ள எலெக்ட்ரான்களே தாமதத்திற்குக் காரணம். தாமதம் மிகுதியாதலால், துடிப்பு நம் பால்வீதிக்கு அப்பாலிருந்து வந்ததென்று கணித்தார்கள். இத்தகையவற்றை விரைவு வானொலி வெடிப்புகள் என்கிறோம்.

இது கரகர ஒலி, மின்னல் எங்கே? உயர் ஆற்றல் காமா கதிர்களும் உடன் வந்தால், வெடிப்பை நிகழ்த்துவது எதுவென்று அறிய வழி பிறக்கும். ஆனால் அக்கதிர்கள் தரையை எட்டுவதில்லை. காற்று மண்டலத்தில் மோதித் துகள்களைச் சிதறடிக்கின்றன. அத்துகள்கள் மங்கிய நீல ஒளியைக் கணநேரம் எழுப்புகின்றன. ஸ்பெயினுக்குச் சொந்தமான லா பால்மா தீவில், 17 மீட்டர் ஆடிகள் கொண்ட இரு மேஜிக் தொலைநோக்கிகள் அவ்வொளியைப் பிடிக்கின்றன.

வெடிப்போ சொல்லிக்கொண்டு வருவதில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். நல்லவேளையாக, 2012-இல் முதலில் பதிவான ஒரு மூலம் மீண்டும் மீண்டும் வெடித்தது. 2016, 2017 ஆண்டுகளில் மேஜிக்கும் போர்ட்டோரிக்கோவிலிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கியும் அதை ஒருசேர நோக்கின. அரெசிபோ ஐந்து வெடிப்புகளைப் பிடித்தது. மேஜிக்கிற்கு ஒன்றும் கிட்டவில்லை.

பின்னர் 2020 ஏப்ரல் 28-இல், நம் பால்வீதியிலேயே கடுங்காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன் ஒன்று வானொலியில் வெடித்தது. அதே வேளையில் எக்ஸ் கதிர்களையும் விண்கலங்கள் கண்டன. ஒரு சன்னல் திறந்தது! நமீபியாவின் ஹெஸ் தொலைநோக்கிகள் அன்று சில மணி நேரம் முன்னதாகவே அவ்விண்மீனை நோக்கியிருந்தன. காமா கதிர் தென்படவில்லை. வெடித்தபோது அங்கே பகல். இத்தொலைநோக்கிகளோ இரவில்தான் இயங்கும்.

அப்படியானால் தேடியது வீணா? இல்லை, நேயர்களே. உடன் வந்த காமா கதிர் இருந்தாலும், அது இன்ன அளவுக்கு மேல் இருந்திருக்க முடியாது என்று தெரிகிறது. அந்த வரம்பை மீறும் விளக்கங்கள் விலகுகின்றன. கிட்டாததும் அறிவியலில் ஒரு விடைதான். சன்னலைத் திறந்து வைத்தே நாம் காத்திருப்போம்.